‘தி ஆபீஸ்’ செட்டில் ஓடிய நிஜக் கம்ப்யூட்டர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் ஒரு மாதம் கேள்விகளுக்குப் பஞ்சமே இருக்காது. என் அண்ணன் வீட்டிலும் அப்படித்தான். கம்ப்யூட்டரை இணைத்து, இன்டர்நெட்டும் வந்தவுடன், அண்ணன் மகன் முதலில் ஓடவிட்டது ‘தி ஆபீஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர். பத்து நிமிடம் பார்த்திருப்போம். “சித்தப்பா, பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் நிஜமாவே டைப் பண்றாங்களா, இல்ல சும்மா கீபோர்டைத் தட்டறாங்களா?” என்று கேட்டான்.

கேள்வி சிறியதுதான். ஆனால் பதில் பெரியது. அந்தத் தொடர் எடுக்கப்பட்ட விதம், அது மூடப்படாமல் தப்பிய கதை, அதை எழுதியவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்த கதை ஆகிய எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரே ஒரு எபிசோடை எடுத்துக்கொண்டு அதை இங்கு பார்க்கலாம். இடையிடையே உங்கள் கம்ப்யூட்டருக்குப் பயன்படும் விஷயங்களும் வரும்.

எந்தத் தொடர்? எந்த எபிசோட்?

‘தி ஆபீஸ்’ முதலில் 2001ல் பிரிட்டனில் வந்தது. ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட் இருவரும் உருவாக்கியது. அதை அமெரிக்காவுக்கு ஏற்றபடி மாற்றியவர் கிரெக் டேனியல்ஸ். என்பிசி சேனலில் 2005 மார்ச் 24ல் தொடங்கி 2013 மே 16 வரை, 9 சீசன்கள் ஓடியது. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ரான்டன் நகரில் டண்டர் மிஃப்ளின் என்ற பேப்பர் விற்கும் கம்பெனி. அதன் கிளை அலுவலகத்தில் ஓர் ஆவணப்படக் குழு வந்து படமெடுக்கிறது என்பதுதான் கதையின் அமைப்பு. கதை நடப்பது ஸ்க்ரான்டனில் என்றாலும் படப்பிடிப்பு நடந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில்.

நாம் எடுத்துக்கொள்ளும் எபிசோட் 2007 அக்டோபர் 11ல் ஒளிபரப்பான ‘லாஞ்ச் பார்ட்டி’. ஜெனிபர் செலோட்டா எழுதியது. கம்பெனி ஒரு புதிய வெப்சைட்டைத் தொடங்குகிறது. இனி வாடிக்கையாளர்கள் விற்பனையாளரிடம் பேசாமல் நேராக வெப்சைட்டிலேயே பேப்பர் வாங்கிக்கொள்ளலாம். இது ட்வைட் என்ற விற்பனையாளருக்குப் பொறுக்கவில்லை. ஒரே நாளில் வெப்சைட்டைவிட நான் அதிகம் விற்றுக் காட்டுகிறேன் என்று சவால் விடுகிறார். உடன் வேலை செய்யும் ஜிம்மும் பாமும் வெப்சைட்டே பேசுவதுபோல அவருக்கு இன்ஸ்டன்ட் மெசேஜ் அனுப்பி விளையாடுகிறார்கள். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்துவிட்டது என்றே ட்வைட் நம்பிவிடுகிறார். மனிதனா, கம்ப்யூட்டரா என்ற இந்தப் போட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குப் பின்னாலும் இதே போட்டி நடந்தது.

மூலைக்குப் போகாத லோகோ

எபிசோட் தொடங்குவதே ஒரு ஸ்கிரீன் சேவரில்தான். மேனேஜர் மைக்கேல் மீட்டிங்கில் ஏதோ விளக்கிக்கொண்டிருக்கிறார். ஊழியர்களின் கண்ணெல்லாம் டிவியில் அங்குமிங்கும் மோதித் திரும்பும் டிவிடி லோகோவின் மேல். அது சரியாக மூலையில் போய் இடிக்குமா, இடிக்காதா? கடைசியில் இடிக்கிறது. எல்லாரும் ஆரவாரம் செய்துவிட்டு எழுந்து போகிறார்கள். தன் பேச்சுக்குத்தான் கைதட்டல் என்று மைக்கேல் நினைத்துக்கொள்கிறார்.

அந்த லோகோ ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது? பழைய குழாய் வகை டிவி, மானிட்டர்களின் உட்பக்கத்தில் பாஸ்பர் பூச்சு இருக்கும். ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் அந்த இடத்துப் பூச்சு மட்டும் தேய்ந்து, அழியாத நிழல் விழும். அதைத் தவிர்க்க வந்ததுதான் ஸ்கிரீன் சேவர். இப்போதைய எல்சிடி திரைகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஓஎல்இடி திரைகளில் இன்னும் உண்டு. எந்தத் திரையானாலும், வேலை இல்லாதபோது தானாக அணையும்படி அமைப்பதே நல்லது. மின்சாரமும் மிச்சம். அழகுக்காக ஸ்கிரீன் சேவர் வேண்டுமென்றால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், லாக் ஸ்கிரீன் என்று சென்றால் அதே பக்கத்தில் ஸ்கிரீன் சேவரும் கிடைக்கும்.

மூலையில் இடிப்பது ஏன் இவ்வளவு அபூர்வம்? ஒரு கணக்குப் போடுவோம். 800க்கு 600 பிக்ஸல் திரையில், 100க்கு 60 பிக்ஸல் லோகோ. அது ஓடுவதற்குக் குறுக்கே 700, நெடுக்கே 540 பிக்ஸல் இடம் உண்டு. ஒவ்வோர் அடியிலும் பக்கவாட்டில் ஒரு பிக்ஸல், மேலோ கீழோ ஒரு பிக்ஸல் நகர்கிறது என்று கொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து கிளம்பினால், 700க்கும் 540க்கும் மீச்சிறு பொது மடங்கான 18,900 அடி போன பிறகுதான் மீண்டும் ஒரு மூலை கிடைக்கும். வினாடிக்கு 60 அடி என்றால் 5 நிமிடம் 15 வினாடி. மூலையிலிருந்து கிளம்பாமல் நடுவில் எங்கோ கிளம்பினால், எத்தனை நாள் ஓடினாலும் மூலையைத் தொடாமலே போகவும் வாய்ப்புண்டு. அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில் நியாயம் இருக்கிறது.

மேசையில் இருந்தது பொம்மை இல்லை

இனி அண்ணன் மகனின் கேள்விக்கு வருவோம். அந்தச் செட்டில் இருந்த கம்ப்யூட்டர்கள் உண்மையாகவே வேலை செய்தன. இன்டர்நெட் இணைப்பும் இருந்தது.

மற்ற நகைச்சுவைத் தொடர்களில் கேமரா யார் பக்கம் திரும்பும் என்பது முன்பே தெரியும். இங்கோ ஆவணப்படப் பாணி. கேமராமேன் ராண்டல் ஐன்ஹார்ன் அதற்கு முன் ‘சர்வைவர்’ போன்ற நிஜ நிகழ்ச்சிகளில் பணியாற்றியவர். ஜன்னல் திரை இடுக்கில், கதவோரத்தில் நின்று எட்டிப் பார்ப்பதுபோல எடுப்பார். கேமரா எந்த நொடியும் பின்னால் இருப்பவர் மேல் திரும்பலாம். அதனால் ஒரு வரி வசனம் இல்லாத நாளிலும் நடிகர்கள் தங்கள் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் எபிசோடை இயக்கிய கென் க்வாபிஸ், வசனம் எதுவும் இல்லாமல் எல்லாரும் மேசையில் வேலை பார்ப்பதையே தனியாகப் படம் பிடித்தார். நடிகர்களுக்கு அலுவலக அலுப்பு பழக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பல மணி நேரம் வெறும் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தால் முகமே காட்டிக் கொடுத்துவிடும். நிஜக் கம்ப்யூட்டர் இருந்ததால் இமெயில் பார்த்தார்கள், பதில் எழுதினார்கள். பாமாக நடித்த ஜென்னா பிஷர், ரிசப்ஷன் மேசையில் இருந்தபடியே அந்நாளில் பிரபலமாக இருந்த மைஸ்பேஸ் தளத்தில் ரசிகர்களுக்கு எழுதினார். நீங்கள் பின்னணியில் பார்க்கும் அந்த ஈடுபாடான முகம், பல நேரம் தன் சொந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும் முகம்!

மானிட்டரைப் படம் எடுப்பது எப்படி?

திரையில் உள்ள எழுத்தை ரசிகர்கள் படித்தாக வேண்டிய காட்சி என்றால் வேலை கடினம். பழைய குழாய் மானிட்டர் தன் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக, வினாடிக்கு 60 முதல் 85 முறை வரைந்துகொண்டே இருக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் அமெரிக்கத் தொடர்கள் பலவும் எடுக்கப்படும் கேமராவுக்கு வினாடிக்கு 24 படம்தான் கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மானிட்டரில் கறுப்புப் பட்டை ஒன்று மேலும் கீழும் உருளும். பழைய படங்களில் டிவி ஓடும் காட்சிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். மானிட்டரின் வேகத்தை கேமராவுக்கு ஏற்ப மாற்றியோ, கேமராவின் ஷட்டர் வேகத்தை நுணுக்கமாகத் திருத்தியோ இதைச் சமாளித்தார்கள். எல்சிடி வந்த பிறகு இந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்தது.

இன்னொரு தந்திரமும் சினிமா, டிவி இரண்டிலும் வழக்கம். நடிகர் எந்தக் கீயைத் தட்டினாலும் சரியான எழுத்தே திரையில் வரும்படி ஒரு சிறிய புரோகிராம் எழுதி வைப்பார்கள். பத்து முறை திருப்பி எடுத்தாலும் எழுத்துப் பிழை வராது. சில சமயம் மானிட்டரில் வெறும் பச்சை நிறத்தைக் காட்டி எடுத்துவிட்டு, பிறகு எடிட்டிங்கில் வேண்டிய படத்தை அதில் பொருத்துவார்கள்.

இதில் உங்களுக்கு ஒரு குறிப்பு. கம்ப்யூட்டரில் ஏதாவது பிழைச் செய்தி வந்தால் பலரும் செல்போனில் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். வரியும் நிழலுமாக விழுந்து படிக்க முடிவதில்லை. விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வேண்டிய பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, இமெயிலில் பேஸ்ட் செய்திடலாம். படம் துல்லியமாக இருக்கும்.

வெட்டிய காட்சி எங்கே போகிறது?

அரை மணி நேர எபிசோட் என்றால் விளம்பரம் போக மிஞ்சுவது 22 நிமிட அளவுதான். ‘லாஞ்ச் பார்ட்டி’ ஒரு மணி நேர எபிசோட் என்பதால் அதைப்போல இரு மடங்கு கிடைத்தது. ஆனால் நடிகர்கள் எழுதிய வசனத்தோடு நிற்காமல் சொந்தமாகவும் சேர்த்துப் பேசுவார்கள். சிரிப்பொலி சேர்க்காத தொடர் என்பதால், ஒரு பார்வை, ஒரு மௌனம் எத்தனை வினாடி நிற்க வேண்டும் என்பதெல்லாம் எடிட்டரின் கையில்தான். டீன் ஹாலண்ட், டேவிட் ரோஜர்ஸ் என்ற இரு எடிட்டர்கள் இந்தத் தொடரின் ‘தி ஜாப்’ எபிசோடுக்காக 2007ல் எம்மி விருது பெற்றார்கள்.

கம்ப்யூட்டரில் எடிட் செய்வதில் ஒரு பெரிய வசதி உண்டு. பிலிமைக் கத்தரித்து ஒட்டிய காலம்போல அசல் சேதமாவதில்லை. “இந்த வினாடியிலிருந்து அந்த வினாடி வரை காட்டு” என்ற குறிப்பைத்தான் கம்ப்யூட்டர் பதிவு செய்கிறது. அசல் வீடியோ பைல் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். அதனால்தான் டிவிடிகளில் நீக்கப்பட்ட காட்சிகளைத் தனியே தர முடிந்தது. 2021ல் பீக்காக் என்ற இணையச் சேவையில், முன்பு வெட்டிய பகுதிகளைச் சேர்த்து நீளமான எபிசோட்களை வெளியிட்டார்கள். பல ஆண்டுகள் கழிந்தும் பைல்கள் பத்திரமாக இருந்ததால் இது நடந்தது.

நீங்கள் வீட்டு விசேஷத்தை வீடியோ எடுத்து எடிட் செய்யும்போதும் இதை மறக்காதீர்கள். எடிட்டிங் புரோகிராமில் ஒரு காட்சியை நீக்குவது வேறு, போல்டரிலிருந்து பைலையே அழிப்பது வேறு. முடித்த வீடியோ கையில் வந்துவிட்டது என்று அசல் பைல்களை அழித்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. அசலை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து வைத்திடுங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டர் காப்பாற்றிய தொடர்

‘லாஞ்ச் பார்ட்டி’ எடுக்கப்பட்டதே ஓர் அதிசயம் என்று சொல்ல வேண்டும். 2005ல் வந்த முதல் சீசனில் வெறும் 6 எபிசோட்கள். பார்த்தவர்கள் குறைவு. எந்த நேரமும் நிறுத்தப்படலாம் என்ற நிலை.

அந்த ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் வீடியோ ஓடும் ஐபாடை வெளியிட்டு, ஐட்யூன்ஸில் டிவி தொடர்களை விற்கத் தொடங்கியது. டிசம்பர் 6ல் என்பிசியின் தொடர்களும் சேர்ந்தன. ஓர் எபிசோட் 1.99 டாலர். ‘தி ஆபீஸ்’ விற்பனைப் பட்டியலில் மேலே ஏறியது. டிவி முன் உட்காராத மாணவர்களும் இளைஞர்களும் கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தார்கள். டிவி ரேட்டிங்கில் தெரியாமலிருந்த ரசிகர்கள் இங்கே தெரிந்தார்கள். அதே ஆண்டு ஸ்டீவ் கேரல் நடித்த ஒரு திரைப்படம் வெற்றி பெற்றதும் உதவியது. ஆனாலும் ஐட்யூன்ஸ் இல்லாவிட்டால் தொடர் நிலைத்திருக்குமா என்பது சந்தேகம் என்று என்பிசி தரப்பிலேயே பேசினார்கள்.

2006 கோடையில் இன்னொரு படி. இன்டர்நெட்டுக்கென்றே ‘தி அக்கவுண்டன்ட்ஸ்’ என்ற 10 குட்டி எபிசோட்கள் எடுத்தார்கள். ஒவ்வொன்றும் சில நிமிடங்களே. அதற்கு டேடைம் எம்மி விருதும் கிடைத்தது.

சரி, இன்டர்நெட்டில் வந்த இந்தப் பணம் யாருக்குப் போனது?

25 நாள் கழித்து

டிவியில் ஓர் எபிசோடை மறுஒளிபரப்பு செய்தால் எழுதியவருக்கு ஒரு தொகை போகும். அமெரிக்காவில் இது நெடுங்கால வழக்கம். ஓர் எழுத்தாளர் அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டு வாடகை கட்டுவது பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான். ஆனால் 2007ல் சேனல்கள் முழு எபிசோட்களை விளம்பரத்தோடு தங்கள் வெப்சைட்டிலேயே ஓடவிட்டன. இது வெறும் விளம்பர முயற்சி, அதனால் எழுத்தாளருக்குப் பங்கு இல்லை என்றன. மறுஒளிபரப்பு குறைந்து, எல்லாம் இன்டர்நெட்டுக்குப் போய்விட்டால் எழுத்தாளரின் கதி?

2007 நவம்பர் 5ல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. ‘லாஞ்ச் பார்ட்டி’ ஒளிபரப்பாகி சரியாக 25 நாள். வெப்சைட்டிடம் தன் வேலை பறிபோகுமோ என்று தவித்த விற்பனையாளரைப் பற்றி எழுதிய அதே குழு, அதே கவலையோடு தெருவில் நின்றது!

மற்ற தொடர்களைவிட இதில் பாதிப்பு அதிகம். காரணம், எழுதியவர்களே நடித்துக்கொண்டும் இருந்தார்கள். கதையில் அந்த வெப்சைட்டைக் கொண்டுவரும் ரயனாக நடித்த பி.ஜே. நோவக் தொடரின் எழுத்தாளர். டோபியாக வரும் பால் லீபர்ஸ்டைனும் அப்படியே. கெல்லியாக வரும் மிண்டி கேலிங்கும் எழுத்தாளர்தான். இவருடைய குடும்பப் பெயர் சொக்கலிங்கம். தந்தை வழியில் தமிழர். சொக்கலிங்கத்தின் பின்பாதிதான் கேலிங் ஆகியிருக்கிறது. ஸ்டீவ் கேரல் எழுத்தாளர்களை மதித்துப் படப்பிடிப்புக்கு வரவில்லை. வேலை நின்றது. எழுத்தாளர்கள் தெருவில் நின்றபடி ஒரு வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றினார்கள். ‘தி அக்கவுண்டன்ட்ஸ்’ விருது வாங்கியது, ஆனால் அதற்காக எங்களுக்குப் பணம் எதுவும் வரவில்லை என்பது அவர்கள் சொன்ன குறை.

வேலைநிறுத்தம் 100 நாள் நீடித்து 2008 பிப்ரவரி 12ல் முடிந்தது. இன்டர்நெட்டில் ஓடுவதற்கும் எழுத்தாளருக்குப் பங்கு உண்டு என்ற கொள்கை ஒப்பந்தத்தில் ஏறியது. விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அரை மணிக் கணக்கில் 30 எபிசோட் என்று திட்டமிட்ட அந்தச் சீசன் 19உடன் முடிந்தது. எழுத்தாளர்கள் மட்டுமா? லைட் தூக்குபவர், மேக்கப் போடுபவர் என்று எல்லாருக்கும் அந்த நாட்களில் வேலை இல்லை.

எதிர்ப்பக்கம் இருப்பது யார்?

எபிசோடில் யார் ஜெயித்தார்கள்? ட்வைட்தான். வெப்சைட்டைவிட அதிகம் விற்றுவிடுகிறார். கம்ப்யூட்டர் வேடத்தில் இருந்த பாமும் ஜிம்மும் தோல்வியை ஒப்புக்கொண்டு மெசேஜ் அனுப்ப, அவர் முகத்தில் பெருமை.

2007ல் கம்ப்யூட்டர் பேசுவது நகைச்சுவை. 2023ல் அது நிஜமானது. அந்த ஆண்டு மே 2 முதல் செப்டம்பர் 27 வரை, 148 நாள், அதே எழுத்தாளர் சங்கம் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தது. கோரிக்கைகளில் ஒன்று செயற்கை நுண்ணறிவு பற்றியது. அந்த புரோகிராமைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அது எழுதித் தந்ததை வைத்து எழுத்தாளரின் உரிமையைக் குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தமானது.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இன்று பல வெப்சைட்களில் ஓரத்தில் ஒரு சிறிய அரட்டைப் பெட்டி எட்டிப் பார்க்கும். “உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?” என்று கேட்கும். எதிர்ப்பக்கம் புரோகிராமா, மனிதரா, மனிதர்போல நடிக்கும் ஏமாற்றுக்காரரா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. பாஸ்வேர்டையும் ஓடிபியையும் எந்தப் பெட்டியில் யார் கேட்டாலும் தராதீர்கள். ட்வைட் ஏமாந்தது சிரிப்புக்காக. நாம் ஏமாந்தால் போவது நம் பணம்.

அண்ணன் மகனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். “அப்ப பின்னாடி இருக்கிறவங்க நிஜமாத்தான் டைப் பண்றாங்க” என்று திருப்தியாகத் தலையாட்டினான். பிறகு எபிசோடை முதலிலிருந்து போட்டான். கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் வழக்கமாக மூடிவிடுபவன், அன்று மூடவில்லை. எழுதியவர் பெயர் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தான். அடுத்த முறை நீங்களும் தேடிப் பாருங்களேன்!